நட்பாராய்தலுக்கு அப்பால்: ஃப்ரீமேசன் லாட்ஜுகளில் சேர்க்கையும் நிலைத்தலும்

1. வாக்குப்பெட்டி

ஃப்ரீமேசன் சங்கத்தில் புதியவர் ஒருவரைச் சேர்க்கும் முன் ஒரு சிறு மரப்பெட்டி உறுப்பினர்களிடையே சுற்றிவரும். அதன் முகப்பில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். உறுப்பினர் உருண்டை ஒன்றைக் கையில் மூடிக்கொண்டு துளைக்குள் கையை விடுவார். வெள்ளை என்றால் சம்மதம், கறுப்பு என்றால் மறுப்பு. சில இடங்களில் கறுப்பு உருண்டைக்குப் பதிலாகக் கனசதுரக் கட்டை வைத்திருக்கிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் கண் ஏமாந்தாலும் விரல் ஏமாறாது அல்லவா! யார் எதைப் போட்டார் என்பது எவருக்கும் தெரியாது, கேட்கவும் கூடாது. இங்கிலாந்தின் விதிப்படி மூன்று கறுப்பு விழுந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. அந்த எண்ணிக்கையை இரண்டாகவோ ஒன்றாகவோ குறைத்துக்கொள்ளக் கிளைகளுக்கு உரிமை உண்டு. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஒற்றைக் கறுப்பே ஒருவரைத் தடுத்துவிடும்.

உள்ளே விடுவதற்கு இத்தனை கவனம் எடுத்துக்கொள்ளும் சங்கம், உள்ளே வந்தவர் ஏன் போய்விடுகிறார் என்று கேட்க எந்தப் பெட்டியையும் செய்து வைக்கவில்லை. இக்கட்டுரையின் கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. ஒரு சகோதரத்துவச் சங்கம் தனக்குப் பொருத்தமானவர்களைச் சேர்ப்பதும் அவர்களைத் தக்கவைப்பதும் எதைப் பொறுத்தது? சேர்க்கை குறைந்ததுதான் சங்கத்தின் தேய்வுக்குக் காரணம் என்ற பரவலான கருத்து சரியா?

தமிழ் வாசகருக்கு ஒரு சொல் விளக்கம். ஃப்ரீமேசன்களின் கிளைக்கு ‘லாட்ஜ்’ என்று பெயர். தங்கும் விடுதிக்கு நாம் வழங்கும் சொல்லும் இதுவே என்றாலும் பொருள் வேறு. இடைக்காலக் கல்தச்சர்கள் கட்டுமான இடத்தில் கூடி வேலை செய்யவும் இளைப்பாறவும் போட்டுக்கொண்ட கொட்டகையின் பெயரை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உளியும் சுத்தியும் மூலைமட்டமும் கவராயமும் இவர்களிடம் ஒழுக்கத்தின் குறியீடுகளாக மாறின. லாட்ஜுகள் பல சேர்ந்த தலைமை அமைப்பு கிராண்ட் லாட்ஜ். முதல் கிராண்ட் லாட்ஜ் 1717 ஜூன் 24 அன்று லண்டனில் தோன்றியது என்பது மரபான கணக்கு. ஆண்ட்ரூ பிரெஸ்காட், சூசன் மிட்செல் சோமர்ஸ் ஆகிய வரலாற்றாய்வாளர்கள் அதை மறுத்து 1721 என்கிறார்கள். எந்த ஆண்டாக இருந்தாலும், முந்நூறு ஆண்டுகளாக ஆட்களைச் சேர்த்தும் இழந்தும் வரும் அமைப்பு இது. சகோதரத்துவச் சங்கங்களின் உறுப்பினர் சிக்கலை ஆராய இதைவிட நீண்ட பதிவு உள்ள அமைப்பு கிடைப்பது அரிது.

2. எண்கள் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்க ஃப்ரீமேசன்களின் எண்ணிக்கை 1920களின் நடுவில் 30 லட்சத்தைத் தாண்டியது. பெருமந்தக் காலத்தில் சந்தா கட்ட முடியாமல் ஏராளமானோர் விலக, 1941இல் அது ஏறக்குறைய 24.5 லட்சமாக இறங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் நிலைமை தலைகீழானது. 1959இல் 41 லட்சம் என்ற உச்சத்தைத் தொட்டது. அதன்பின் ஆண்டு தவறாமல் இறக்கம்தான். இன்று அந்த எண் 10 லட்சத்துக்கும் கீழே இருக்கிறது. இதே காலத்தில் அமெரிக்க மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டு மடங்கானதை நினைத்தால் சரிவின் ஆழம் புரியும்.

ஆனால் 1959ஐ ஆரோக்கியத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்வது தவறு என்றே நினைக்கிறேன். போர்முனையில் தோழமையின் அருமையை அறிந்து ஊர் திரும்பிய லட்சக்கணக்கான இளைஞர்கள் அதே தோழமையைத் தேடி லாட்ஜ் வாசலில் நின்ற காலம் அது. சங்கம் தேடிப் போகவில்லை, ஆட்கள் தேடி வந்தார்கள். அந்த அலையின் உச்சியிலிருந்து பார்த்தால் அதற்குப் பிந்தைய எந்தக் காலமும் பள்ளமாகத்தான் தெரியும். அந்த அலையில் வந்தவர்களுக்குப் போதுமான கவனம் தர லாட்ஜுகளுக்கு நேரமும் இருக்கவில்லை. சடங்கை நடத்தி முடிப்பதற்கே மாலைகள் போதவில்லை. பின்னாளில் வந்த பல சிக்கல்களின் வேர் அந்தச் செழிப்பில் இருக்கிறது.

3. இதுவரை தரப்பட்ட விளக்கங்கள்

இந்தச் சரிவை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ராபர்ட் பட்னம் 2000இல் வெளியிட்ட ‘பௌலிங் அலோன்’ நூலில் ஃப்ரீமேசன்களின் சரிவை ஒரு பெரும் சரிவின் பகுதியாகப் பார்க்கிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கம், தொழிற்சங்கம், தேவாலயக் குழு, சீட்டாட்டக் கூட்டம் என எல்லாமே ஒரே காலத்தில் மெலிந்தன. தலைமுறை மாற்றம் முதன்மைக் காரணம், தொலைக்காட்சி அடுத்தது. வேலை நெருக்கடிக்கும் நகர விரிவுக்கும் சிறு பங்கு உண்டு என்பது அவரது வாதம். தீடா ஸ்காச்போல் வேறொரு கோணத்தில், குடிமக்கள் கூடிப் பழகிய சங்கங்களின் இடத்தைச் சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தப்படும் அமைப்புகள் பிடித்துக்கொண்டன என்றார்.

டேவிட் பெய்டோவின் விளக்கம் பொருளாதாரம் சார்ந்தது. 1920ஐ ஒட்டி அமெரிக்காவில் வயதுவந்த ஆண்களில் மூவரில் ஒருவர் ஏதாவதொரு சகோதரத்துவச் சங்கத்தில் இருந்திருக்கலாம் என்று கணிக்கிறார். நோயுற்றால் படிப்பணம், இறந்தால் அடக்கச் செலவு, விதவைக்கு உதவி என்று அச்சங்கங்கள் செய்தவற்றை அரசும் காப்பீட்டு நிறுவனங்களும் எடுத்துக்கொண்டதும் அவற்றின் தேவை போய்விட்டது. ஆட் ஃபெலோஸ் போன்ற சங்கங்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஃப்ரீமேசன் இயக்கம் துயருற்றவர்களுக்கு அறப்பணியாக உதவியதே அன்றி, சந்தாவுக்கு ஈடாகப் படிப்பணம் உறுதியளித்த காப்பீட்டுச் சங்கமாக இருந்ததில்லை. ஆகவே பெய்டோவின் திறவுகோல் இந்தப் பூட்டைப் பாதிதான் திறக்கிறது.

இந்த மூன்று விளக்கங்களும் மதிப்புமிக்கவை. மூன்றுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு: காரணம் முழுவதையும் சங்கத்தின் சுவருக்கு வெளியே தேடுகின்றன. சங்கத்தினருக்கு அது ஆறுதலாகவும் இருந்துவிடுகிறது. ‘காலம் மாறிவிட்டது, நாம் என்ன செய்ய முடியும்?’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

சுவருக்கு உள்ளே பார்த்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ஜான் பெல்டன். அவரும் ஃப்ரீமேசன்தான். சேர்ந்தவர்களின் பதிவுகளையும் விலகியவர்களின் பதிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வி நேரடியானது: மூத்தவர்கள் இறப்பதால்தான் சங்கம் சுருங்குகிறதா? இல்லை என்பதே அவர் கண்ட விடை. சேர்ந்த சில ஆண்டுகளுக்குள் தாமாகவே விலகிப்போகிறவர்களின் பங்கு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. அப்படியானால் வாசல் அடைபட்டிருப்பது சிக்கல் அல்ல. பானையில் ஓட்டை இருக்கிறது. எத்தனை குடம் ஊற்றினாலும் நிறையாது.

4. பொருத்தம் என்ற சொல்லின் வரலாறு

பொருத்தமானவரை எப்படிச் சேர்ப்பது என்று கேட்பதற்கு முன், பொருத்தமானவர் யார் என்று முடிவுசெய்தவர்கள் யார் என்று கேட்க வேண்டும். இந்தச் சொல்லுக்கு இருண்ட வரலாறு ஒன்று உண்டு. அதில் நம் ஊரும் வருகிறது.

ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் ஃப்ரீமேசனாகச் சேர்க்கப்பட்டார். லண்டன் கிராண்ட் லாட்ஜ் மகிழ்ந்துபோய் அவருக்கு அலங்கரிக்கப்பட்ட சடங்கு ஏப்ரனும் சங்கத்தின் சட்ட நூலும் அனுப்பிவைத்தது. அரசகுமாரர், கிழக்கிந்தியக் கும்பெனியின் கூட்டாளி வீட்டுப் பிள்ளை. அவரது பொருத்தத்தைப் பற்றிக் கேள்வியே எழவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, கல்கத்தாவைச் சேர்ந்த பிரசன்ன குமார் தத்தா விண்ணப்பித்தபோது கதை வேறாக இருந்தது. வங்காளத்தில் ஆசியர் எவரையும் மாவட்டத் தலைமையின் அனுமதியின்றிச் சேர்க்கக் கூடாது என்று உள்விதி இருந்தது. இந்துக்கள் பல தெய்வங்களை வணங்குபவர்கள், ஒரே பரம்பொருளில் நம்பிக்கை வேண்டும் என்ற நிபந்தனைக்கு எப்படிப் பொருந்துவார்கள் என்றார்கள். சாதி பார்ப்பவர்கள் சகோதரர்களாக எப்படி இருப்பார்கள் என்றும் கேட்டார்கள். 1863இல் தொடங்கிய வழக்காடல் 1872 வரை நீடித்தது. கடைசியில் ‘ஆங்கர் அண்ட் ஹோப்’ லாட்ஜ் அவரைச் சேர்த்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1884 பிப்ரவரி 19 அன்று, அதே லாட்ஜில் நரேந்திரநாத் தத்தா என்ற இளைஞர் உறுப்பினரானார். பின்னாளில் விவேகானந்தர் என்று உலகம் அறிந்தவர் அவர். பிரசன்ன குமார் ஒன்பது ஆண்டுகள் சளைக்காமல் கதவைத் தட்டியிராவிட்டால் அந்த வாசல் அவ்வளவு எளிதில் திறந்திருக்குமா என்பது சந்தேகமே.

அமெரிக்காவில் இது இன்னும் கொடுமையாக நடந்தது. பாஸ்டனைச் சேர்ந்த பிரின்ஸ் ஹாலும் மேலும் 14 கறுப்பின ஆண்களும் 1775இல் பிரிட்டிஷ் படையோடு வந்திருந்த அயர்லாந்து லாட்ஜ் ஒன்றில் சேர்ந்தார்கள். உள்ளூர் வெள்ளையர் லாட்ஜுகள் அவர்களை ஏற்கவில்லை. லண்டனுக்கு எழுதி 1784இல் தனி அனுமதி பெற்றுத் தம் சொந்த லாட்ஜை நடத்தினார்கள். வெள்ளையர் கிராண்ட் லாட்ஜ் ஒன்று பிரின்ஸ் ஹால் மரபினரை உறுதியாக அங்கீகரித்து அந்த ஏற்பு நிலைக்க 1989 வரை, கனெடிகட் மாநிலம் முன்வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இருநூறு ஆண்டுகள்! அந்த இருநூறு ஆண்டுகளும் ரகசிய வாக்குப்பெட்டி ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

பெண்கள்மேல் போட்ட பூட்டு அதைவிடப் பழையது. 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த சட்ட நூலே அடிமைகளையும் பெண்களையும் விலக்கிவிட்டது. பிரான்சில் பெண்களும் ஆண்களும் சேர்ந்த அமைப்பு 1893இல் தோன்றியது. அதை 1902இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் அடையாறு அறிந்த அன்னி பெசன்ட்.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று. எழுதப்பட்ட விதி ஒருவரைத் தடுப்பதைவிட, உள்ளே இருப்பவர்களின் பழக்கம் அதிகமாகத் தடுக்கிறது. ‘நம்மைப் போன்றவர்’ என்பதும் ‘பொருத்தமானவர்’ என்பதும் ஒன்றாகிவிடுகின்றன. இன்றைய லாட்ஜுகளில் நிறமும் மதமும் முன்போல் தடையில்லை. ஆனால் அதே பழக்கம் வேறு வடிவில் தொடர்கிறது. ஆட்களைத் தேடிப் போகக் கூடாது, விரும்புகிறவர் தாமே வந்து கேட்க வேண்டும் என்பது நெடுநாள் மரபு. சேரும் நாளில், நண்பர்களின் வற்புறுத்தலாலோ பொருளாசையாலோ வரவில்லை, சொந்த விருப்பத்தால் வந்தேன் என்று விண்ணப்பதாரர் அறிவிக்கவும் வேண்டும். உன்னதமான நிபந்தனைதான். ஆனால் கேட்பதற்கு ஒரு ஃப்ரீமேசனையாவது தெரிந்திருக்க வேண்டுமே! அறுபது வயதுக்காரருக்கு அறுபது வயதுக்காரர்களைத்தான் தெரியும். பொருத்தமானவர் என்று தோன்றும் ஒருவரிடம் வற்புறுத்தலின்றி விஷயத்தை எடுத்துச் சொல்வதில் தவறில்லை என்று இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் 1981இல்தான் தெளிவுபடுத்தியது.

5. முதல் மாலையும் இரண்டாம் மாலையும்

சேர்ந்தவர் ஏன் விலகுகிறார் என்பதை அறிய அவரது முதல் இரண்டு மாலைகளை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். சடங்கு நூல்கள் அச்சில் கிடைப்பதால் இதில் ரகசியம் எதுவுமில்லை.

முதல் மாலை. புதியவரின் கண் கட்டப்படுகிறது. கழுத்தில் ஒரு கயிறு. சட்டையின் ஒருபுறம் விலக்கி மார்பும் ஒரு கையும் திறந்திருக்கும். ஒரு கால்சட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டப்பட்டிருக்கும். காசு, மோதிரம், கடிகாரம் என்று உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. சபையில் உள்ள அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உறுதிமொழி எடுத்தபின் கட்டு அவிழ்க்கப்பட்டு வெளிச்சம் தெரிகிறது. பிறகு அறையின் வடகிழக்கு மூலையில் நிறுத்தி, ஏழைகளுக்காக ஏதாவது தரும்படி கேட்கிறார்கள். சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, கொடுக்க ஒன்றுமில்லையே என்று தவிக்கிறார். இருந்தால் மனமுவந்து கொடுப்பீர்களா என்று கேட்கிறார்கள். கொடுப்பேன் என்கிறார். நாளை உன் சகோதரன் ஒருவன் கையில் ஒன்றுமில்லாமல் உன்முன் நிற்கும்போது இந்த நொடியை நினைத்துக்கொள் என்று சொல்கிறார்கள். அந்தத் தவிப்பை அனுபவித்தவர் அதை வாழ்நாளெல்லாம் மறக்கமாட்டார் என்று நான் நம்புகிறேன். அறத்தை வாயால் போதிக்காமல் வெறுங்கையால் உணர்த்தும் முறை அது.

இரண்டாம் மாலை ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து வருகிறது. போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு வாசிக்கப்படுகிறது. வரவு செலவு, சந்தா பாக்கி, கட்டடப் பழுது பற்றிய பேச்சு. அதன்பின், உறுப்பினர் ஒவ்வொருவரும் கடக்க வேண்டிய மூன்று படிநிலைகளில் இரண்டாவதற்கான சடங்கு வேறொருவருக்குத் தொடங்குகிறது. புதியவர் இன்னும் முதல் படிநிலையில் இருப்பதால், எழுந்து வெளியே போகும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார். முன்னறையில் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, உள்ளே நடப்பது கேட்காமல், சாப்பாட்டு நேரம் வரை காத்திருக்கிறார். யாராவது ஒரு மூத்தவர் அவரோடு எழுந்து வந்தால் அவரது அதிர்ஷ்டம். பல இடங்களில் எவரும் வருவதில்லை. சென்ற மாதம் சபை முழுவதும் தன்னைப் பார்த்த மனிதர் இந்த மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்காவில் இது விதியாகவே இறுகிப்போயிருந்தது. 1843இல் பால்டிமோரில் கூடிய மாநாடு, லாட்ஜின் அலுவல்கள் அனைத்தும் மூன்றாம் படிநிலையில்தான் நடக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதனால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் புதியவர்கள் சங்கத்தின் பேச்சிலும் முடிவிலும் பங்கில்லாமல் வாசலிலேயே இருந்தார்கள். அண்மைக் காலத்தில் பல மாநிலங்கள் அதை மாற்றிக்கொண்டன.

திருக்குறளில் நட்பு என்ற அதிகாரத்தை அடுத்து நட்பாராய்தல் வருகிறது. ஆராய்ந்து நட்புக்கொள் என்ற அறிவுரையோடு வள்ளுவர் நிறுத்திவிடவில்லை. அடுத்த அதிகாரத்துக்குப் பழைமை என்று பெயர். நட்பானபின் உரிமையோடு பழகுவது, பழகியவர் செய்யும் பிழையைப் பொறுப்பது பற்றியது அது. ஃப்ரீமேசன்கள் நட்பாராய்தலுக்கு முந்நூறு ஆண்டுகளாக நுணுக்கமான ஏற்பாடுகளை வளர்த்தார்கள். பழைமைக்கு ஏற்பாடு ஏதும் செய்யாமல் அது தானாக வளரும் என்று விட்டுவிட்டார்கள்.

6. அவசரத்தின் விலை

எண்ணிக்கை சரியத் தொடங்கியதும் பல கிராண்ட் லாட்ஜுகள் வாசலை அகலப்படுத்த முனைந்தன. அவற்றில் அதிகம் விவாதிக்கப்பட்டது அமெரிக்காவின் ஒருநாள் வகுப்பு. மாதக்கணக்கில் பெற வேண்டிய மூன்று படிநிலைகளையும் ஒரே நாளில், பெரிய அரங்கில், நூற்றுக்கணக்கானோருக்கு ஒருசேர வழங்கிவிடுவது. ஒருவர் மட்டும் மேடையில் புதியவராக நிற்பார், மற்றவர்கள் இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். வேலை நெருக்கடியில் இருப்பவர்களுக்கு இது வசதி என்ற நியாயத்தை நான் ஒதுக்கவில்லை. வேறு வழியில் வரவே முடியாத சில நல்ல உறுப்பினர்கள் இதன் மூலம் வந்திருக்கவும் கூடும்.

ஆனால் 1723ஆம் ஆண்டுச் சட்ட நூலைத் திருப்பிப் பார்த்தால் வியப்பு ஏற்படுகிறது. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. 25 வயதுக்குக் குறைந்தவரைச் சேர்க்கக் கூடாது. ஒரு மாதம் முன்பே அறிவித்து, விண்ணப்பதாரரின் பெயரையும் திறனையும் விசாரிக்க வேண்டும். நம் வீடுகளில் வரன் பார்க்கும்போது தெருவில் நாலு பேரிடம் கேட்டுப் பார்ப்பதுபோல. அந்த லாட்ஜில் இருப்பவர்களின் ஒருமித்த சம்மதமும் வேண்டும். பிடிக்காத ஒருவரைத் திணித்தால் இணக்கம் கெட்டு லாட்ஜே கலைந்துபோகும் என்று காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. வளரத் துடித்துக்கொண்டிருந்த ஓர் இளம் இயக்கம் தன் வேகத்துக்குத் தானே கடிவாளம் போட்டது. ஒருநாள் வகுப்பு அந்தக் கடிவாளத்தை அவிழ்த்து எறிந்துவிட்டது.

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 6 முறை கூடும் லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். புதிய தலைவரின் பதவியேற்புக்கு ஒரு கூட்டம் போய்விடும். மிச்சம் 5. ஒருவருக்கு 3 சடங்குகள். தனித்தனியாக, ஒரு மாலைக்கு ஒன்று என்று செய்தால் இருவருக்கே 6 மாலைகள் வேண்டும். ஆக, ஆண்டுக்கு இரண்டு பேரை ஒழுங்காகச் சேர்ப்பதற்கே அந்த லாட்ஜுக்கு நேரம் போதாது. இதில் ஆண்டுக்கு 5 பேர், 6 பேர் என்று இலக்கு வைத்தால் நடப்பது ஒன்றுதான். எல்லா மாலையும் சடங்கிலேயே கழியும். ஒரு நல்ல உரை, ஓர் உரையாடல், நோயுற்ற உறுப்பினர் வீட்டுக்குப் போய்வருவது பற்றிய பேச்சு, எதற்கும் இடமிருக்காது. போன ஆண்டு சேர்ந்தவர் இந்த ஆண்டு சேர்பவரின் சடங்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆள் சேர்க்கும் வேலையே ஆள் விலகக் காரணமாகும் விந்தை இப்படித்தான் நிகழ்கிறது.

7. மாற்று முயற்சிகள்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கென்ட் ஹெண்டர்சன் முதலியோர் அமைத்த எபிகூரியன் லாட்ஜ் எதிர்த்திசையில் போய்ப் பார்த்தது. உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பு. சந்தா வழக்கத்தைவிட அதிகம். சடங்கை ஒத்திகை பார்த்துப் பிழையின்றிச் செய்ய வேண்டும். கூட்டந்தோறும் ஓர் உரை, அதன்பின் தரமான விருந்து. வரவில்லை என்றால் காரணம் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் சில லாட்ஜுகளும் இதே வழியைப் பின்பற்றின. இதன் மீது நியாயமான விமரிசனம் ஒன்று உண்டு: அதிகச் சந்தா என்பது பணக்காரர்களை மட்டும் வடிகட்டும் சல்லடையாகிவிடலாம். அந்த விமரிசனத்தை ஏற்கிறேன். ஆனால் வருகைக்கும் தரத்துக்கும் அவர்கள் கொடுத்த அழுத்தத்துக்குப் பணம் தேவையில்லை.

இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் 2005இல் தொடங்கிய பல்கலைக்கழகத் திட்டம், ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் 19ஆம் நூற்றாண்டு முதல் இருந்துவரும் மாணவர் லாட்ஜுகளின் முன்மாதிரியை மற்றப் பல்கலைக்கழக நகரங்களுக்குக் கொண்டுசென்றது. இளைஞர்கள் தம் வயதொத்தவர்களோடு நுழைகிறார்கள் என்பது இதன் பலம். படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போகும்போது அங்குள்ள லாட்ஜிடம் அவரைக் கைப்பிடித்து ஒப்படைக்க ஆள் வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் தொடர்பு அறுந்துவிடும். பின்னர் வந்த ‘உறுப்பினர் பாதை’ என்ற வழிகாட்டுத் திட்டம், முதல் விசாரிப்பிலிருந்து விலக நினைப்பவரோடு பேசுவது வரை ஒரு தொடர்ச்சியாகச் சிந்திக்க முயன்றது. சேர்க்கையையும் நிலைத்தலையும் ஒரே பாதையாகக் கண்டதே அதன் சிறப்பு.

ஃப்ரீமேசன்களுக்கு வெளியே உள்ள ஓர் ஒப்பீடும் உதவும். மைக்கேல் மெக்கிவ்னி என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1882இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் தொடங்கிய ‘நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்’ இன்றும் ஏறக்குறைய 20 லட்சம் உறுப்பினர்களோடு இருக்கிறது. காப்பீடு அதன் ஒரு தூண்; பங்குக் கோயில் மற்றொன்று. சங்கத்துக்கு வராத வாரத்திலும் ஞாயிறு பூசையில் சக உறுப்பினரின் முகம் தெரியும். மனைவி மக்களுக்கும் அவர்களைத் தெரியும். 2020இல் அச்சங்கம் தன் மூடிய சடங்குகளைக் குடும்பத்தார் உட்கார்ந்து பார்க்கக்கூடிய ஒரே பொதுச் சடங்காக மாற்றிக்கொண்டது. ஃப்ரீமேசன்கள் எந்த ஒரு மதத்தின் பெயராலும் கூடுவதில்லை என்பதால் கோயிலைக் கடன் வாங்க முடியாது. ஆனால் குடும்பத்தை வெளியே நிறுத்த வேண்டிய கட்டாயம் எதுவும் அவர்களுக்கு இல்லை. மாதத்தில் ஒரு மாலை கணவர் எங்கே போகிறார், என்ன செய்கிறார் என்று தெரியாத மனைவிக்கு அந்த மாலையின்மேல் நல்லெண்ணம் வர வழியில்லை.

8. மதிப்பீடு

மேலே கண்ட சான்றுகளை வைத்து என் முடிவைச் சொல்கிறேன். பொருத்தம் என்பது வாசலில் நின்று கண்டுபிடித்து முடிக்கும் பண்பு அல்ல. ஓரளவுக்குப் பார்த்துச் சேர்க்கலாம்; மிச்சம் உள்ளே வந்தபின் உருவாக வேண்டும். வாக்குப்பெட்டியோடு கூடிய வாசல் சோதனை குணக்கேடர்களைத் தடுத்ததைவிடப் பிரசன்ன குமார்களையும் பிரின்ஸ் ஹால்களையும் தடுத்ததற்கே வரலாற்றில் அழுத்தமான சான்று இருக்கிறது. அதனால் பெட்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒருவரைப் பற்றி வாக்களிக்கும் முன் அவரோடு குறைந்தது நாலைந்து முறையாவது உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்கிறேன். பெயர் தெரியாத ஒருவருக்கு வெள்ளை உருண்டை போடுவதும் அவருக்குச் செய்யும் அவமதிப்புதான்.

சேரும் முன்பே செலவையும் நேரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சந்தா எவ்வளவு, உடை எவ்வளவு, விருந்துக்கு எவ்வளவு, மாதத்தில் எத்தனை மாலை என்று சொல்லிவிட்டால் சிலர் பின்வாங்குவார்கள். முதல் ஆண்டு முடிவில் வருத்தத்தோடு விலகுவதைவிட அது நல்லது. தொழில் தொடர்புக்காக வருகிறவர் அதை எதிர்பார்த்து ஏமாறாதபடி முன்கூட்டியே மறுத்துச் சொல்வதும் இதில் அடங்கும்.

வழிகாட்டி என்ற பொறுப்பைப் பல லாட்ஜுகள் வைத்திருக்கின்றன. பெரும்பாலும் அது சடங்கு வரிகளை மனப்பாடம் செய்விப்பதோடு முடிந்துவிடுகிறது. வழிகாட்டியின் முதல் வேலை, புதியவர் வெளியே போக நேரும்போது தானும் எழுந்து அவரோடு முன்னறைக்குப் போவது. உள்ளே நடக்கும் சடங்கை அவர் நூறு முறை பார்த்திருப்பார். அந்த அரை மணி நேரப் பேச்சில்தான் புதியவர் சகோதரராகிறார். புதியவருக்கு ஆறு மாதத்துக்குள் ஒரு வேலையும் கொடுக்க வேண்டும். நோயுற்ற உறுப்பினரைப் போய்ப் பார்த்துவரும் வேலையானால் மிகவும் நல்லது. வடகிழக்கு மூலையில் வெறுங்கையோடு நின்று அவர் கொடுத்த வாக்கை நிறைவேற்ற அதைவிடச் சரியான வாய்ப்பு கிடைக்காது.

சென்னை எழும்பூரில் தூண்கள் தாங்கிய ஃப்ரீமேசன் மண்டபம் நிற்கிறது. இந்திய கிராண்ட் லாட்ஜ் 1961 நவம்பர் 24 அன்று அமைந்தது. ஆகவே இது தொலைதூரத்து விவகாரம் மட்டும் அல்ல. ஃப்ரீமேசன்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. ஊர்ச் சங்கம், வாசகர் வட்டம், நற்பணி மன்றம் நடத்தும் எவருக்கும் இதே சிக்கல் உண்டு. அவர்களின் செயலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சேர்க்கை அறிவிப்பை எழுதுவதற்கு முன் கடந்த 5 ஆண்டுகளின் வருகைப் பதிவேட்டை எடுங்கள். புதிதாகச் சேர்ந்து, சில கூட்டங்களுக்கு வந்து, பிறகு கையெழுத்து நின்றுபோன பெயர்களைத் தனித்தாளில் எழுதுங்கள். ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்த்து, திரும்ப வரச் சொல்லாமல், ஏன் வரவில்லை என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்து அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள்.